பீப் அடித்த கேபிள்

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியின் இரண்டு பக்கம் வைத்து, அது 'பீப்' என்று கத்திவிட்டால் அந்தக் கம்பி நல்ல கம்பி என்று நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பியதாக நினைத்துவிடாதீர்கள். தலையில் பாதி முடி போன பிறகும் நம்பினேன். மின்சாரம் தண்ணீர் மாதிரி, கம்பி குழாய் மாதிரி. இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வரும், வராவிட்டால் நடுவில் ஓட்டை. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு செஞ்சி சுற்றுவட்டாரத்தின் இணையத்தையே கட்டிக் காத்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நெட்வொர்க் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்றவர் பேசுகிறார் என்று மரியாதையாக நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் வயசாகி ஓய்வு பெறவில்லை. என் முதுகெலும்பு எனக்கு முன்னால் ஓய்வு கேட்டது, துணைக்கு நானும் போனேன். கருவியை எப்படிப் பொருத்துவது, என்ன கமாண்ட் அடிப்பது என்பதையெல்லாம் கம்பெனியே உங்களுக்குச் சொல்லித் தரும். பயந்து போயிருக்கும்போது நம் மூளை நம்மிடமே எவ்வளவு நன்றாகப் பொய் சொல்லும் என்பதை அது சொல்லித் தராது. அந்தத் துறையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

எங்கள் கருவி அறை திண்டிவனம் சாலையில் ஒரு உரக்கடைக்குப் பின்னால் இருந்தது. சிங்கவரம், வல்லம், அனந்தபுரம் என்று எல்லாப் பக்கத்துக் கேபிளும் அங்கேதான் வந்து சேரும். உள்ளே ஆள் உயர இரும்பு அலமாரி ஒன்று. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எந்தத் தகவல் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி. பழையவற்றைக் கழற்றிவிட்டுப் பல மடங்கு வேகமான புதுப் பெட்டிகளை மாட்டியிருந்தோம். இரண்டு பெட்டிகளையும் இணைத்தது பென்சில் தடிமனில் ஒரு செப்புக் கேபிள். ஊரின் மொத்த இணையப் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான்.

அலமாரிக்கு முன்பக்கம் ஒரு கதவு. வேலை முடிந்ததும் மூடிய கதவைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் வேலை முடிந்ததாகக் கம்பெனி ஒத்துக்கொள்ளும். அந்தக் கதவின் தாழ்ப்பாளோ பொண்ணு பார்க்க வந்த வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, லேசில் படியாது. அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இடது கையால் கதவை அமுக்கிப் பிடிப்பது, வலது கையால் படம் எடுப்பது, பிறகு கையை விட்டுவிடுவது. கதவு தானாகக் கொஞ்சம் திறந்துகொள்ளும். உள்ளே சூடு தங்காமல் இருக்க அதுதான் நல்லது என்று ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தோம். சோம்பேறித்தனத்துக்கு அறிவியல் விளக்கம் கொடுப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படிச் செய்யாத ஒரே ஆள் ஸ்டெல்லா. வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வேலை செய்த டெக்னீஷியன். ஸ்கூட்டரில் வந்து தூசி தட்டி, பேட்டரி சரிபார்த்து, அறையைப் பெருக்கிவிட்டுப் போவாள். டிராக்டரில் இருந்து விழுந்து கால் முறிந்து கிடந்த அப்பாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்து போய்வருகிற தூரத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

புதுப் பெட்டி வந்த சில நாளில் புகார் ஆரம்பித்தது. முதல் போன் அரிசி மண்டி நேமிராஜ் அண்ணனிடம் இருந்து.

"இன்னா இன்ஜினியரே, பெட்டில பச்ச லைட்டு ஜம்முனு எரியுது. பில்லு மட்டும் போவ மாட்டேங்குது. லைட்டு பாக்கறதுக்கா மாசா மாசம் பணம் கட்டறேன்? அதுக்கு நான் சீரியல் செட்டே வாங்கி மாட்டிக்குவேனே!"

"வந்துட்டேண்ணே."

"வாங்க வாங்க. ஆளு வந்து நிக்கறாங்க கடையில. எல்லாரும் உங்க பேரத்தான் சொல்லிட்டு இருக்காங்க. நல்லபடியா இல்ல."

ஓடினேன். அறையைத் திறந்தேன். அலமாரிக் கதவு ஒழுங்காகத் தாழிட்டிருந்தது. திறந்தேன், லேப்டாப்பை மாட்டினேன், பார்த்தேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தவறு இல்லை. நேமிராஜ் அண்ணனுக்குப் போன் போட்டால், "ம், இப்ப போவுது. நீ வந்தாத்தான் அது பயப்படுது" என்றார். பெருமையாக இருந்தது. என்னைப் பார்த்துப் பயப்பட இந்த உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. சில நாள் ஒழுங்காக ஓடும். திடீரென்று தகவல் பாக்கெட்டுகள் உடைய ஆரம்பிக்கும். அனுப்பியது ஒன்று, போய்ச் சேருவது வேறொன்று; சேர்ந்தது தப்பு என்று தெரிந்ததும் பெட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடும். இணைப்பு அறுந்திருக்காது. பச்சை விளக்கு அணையாது. நான் போய்த் திறந்தால் சரியாகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை ஏறவில்லை, கிளினிக்கில் எக்ஸ்ரே படம் போகவில்லை என்று ஊரே திட்டியது.

இந்த இடத்தில் நான் பதறாமல் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. முதலில் எலி என்றேன். பொறி வைத்தேன், அதில் என் செருப்பு மாட்டியது. பிறகு எர்த் சரியில்லை என்று உரக்கடைக்காரரின் பூச்செடிக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி உப்பும் கரியும் போட்டேன். செடி போனது, கோளாறு போகவில்லை. கோட்டை மலைப் பாறை பகலெல்லாம் காய்ந்து சூட்டைக் கக்குகிறது, அதுதான் காரணம் என்று மேலிடத்துக்கு விளக்கினேன். மலை ராஜா காலத்தில் இருந்து அங்கேயேதானே இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். கேபிளைக் கழற்றி, ஊசி முனை வைத்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டரில் பார்த்தேன். பீப், பீப், பீப். தங்கமான கேபிள் என்று முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப மாட்டினேன். கடைசியில் ஸ்விட்ச் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். அது உருண்டு விழுந்து நசுங்கியது. சாறு மின்சாரத்தில் படாமல் போனது எந்தச் சாமியின் அருளோ, அந்தச் சாமிக்கு நன்றி.

இதற்குள் மற்ற டெக்னீஷியன்கள் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார்கள். ஸ்டெல்லா வந்துவிட்டுப் போனால்தான் கோளாறு வருகிறது.

"அவ கை பட்டாலே நெட்டு படுத்துக்குது" என்று டீக்கடையில் சிரித்தார்கள். "நம்ம வீட்டுப் பக்கம் வரச் சொல்லுப்பா, பசங்க போன் நோண்டறது நிக்கும்."

நானும் சிரித்தேன். பிறகு பெட்டியின் பிழைப் பதிவுகளை எடுத்து, அவள் படம் ஏற்றிய நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. அவர்கள் சொன்னது உண்மை. அவள் போன அடுத்த நிமிடமே பிழைகள் ஏற ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு முறையும்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஸ்டெல்லா, உள்ள இன்னா பண்ற? ஒண்ணு விடாம சொல்லு."

"தூசி தட்டுவேன் சார். பேட்டரி பாப்பேன். கதவ மூடுவேன். போட்டோ ஏத்துவேன். அவ்ளோதான் சார்."

"கேபிள கீபிள இழுத்தியா?"

"நான் எதுக்கு சார் அத இழுக்கறேன்? மாட்டுக் கயிறா அது?"

"கோச்சிக்காதம்மா."

"கோவம் இல்ல சார். எல்லாரும் கேக்கறாங்க. நைனா கூட கேட்டுச்சு, இன்னாம்மா பண்ண அங்கன்னு."

அவள் சொன்ன நாலு வேலையில் பதில் இருந்தது. என் காதில் விழுந்தது; மூளைக்குப் போகவில்லை. அது வேறு வகைக் கேபிள் பிரச்சினை.

சென்னையில் இருந்து மேனேஜர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அவர் தலைக்கு மேல் நாலு பேர், அந்த நாலு பேருக்கும் ஒரு காரணம் வேண்டும்.

"பாருங்க, நீங்க போனா சரியாவுது, அந்தப் பொண்ணு போனா கெட்டுப்போவுது. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும்? ஏற்கனவே அவ பேரப் போட்டு ஏஜென்சிக்கு மெயில் அனுப்பிட்டேன். அறைச் சாவிய வாங்கிடுங்க. நீங்க ஒரே ஒரு லைன் அனுப்புங்க, ஹேண்ட்லிங் மிஸ்டேக்னு. புகார் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடலாம்."

மத்தியானம் எல்லோரும் சேர்ந்த போன் கூட்டத்தில் அந்த ஒரு வரியை நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி வந்தது: "சைட் இன்ஜினியர், காரணம் என்ன?"

தைரியத்தில் சொன்னேன் என்று கதை விடமாட்டேன். பெரிய வாக்கியம் எதுவும் வரவில்லை. வந்தது ஒரு வார்த்தை.

"தெரியல சார்."

"அந்த டெக்னீஷியன்..."

"அவங்க போனப்புறம் வருது சார். அவங்களால வருதான்னு தெரியல."

நாளைக் காலைக்குள் காரணம் வர வேண்டும், இல்லையென்றால் மெயில் சொன்னதுதான் காரணம் என்று கூட்டம் முடிந்தது. பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் ஒருவன், "அண்ணே, ஒரு வரி சொல்லிட்டு வீட்டுக்குப் போவறத விட்டுட்டு ஏன் இந்த வேலை?" என்றான். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நினைவில் வையுங்கள். நமக்குக் கோளாறு பிடிபடாத நேரத்தில் மிக அருகில் நிற்கிற மனிதர்தான் கோளாறு மாதிரித் தெரிவார். அதுவும் ஒப்பந்தத்தில் இருப்பவராக இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரிவார்.

அறைக்குப் போனேன். ஸ்டெல்லா வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். சாவியை நீட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. அதையும் சாவியோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"இத ஏம்மா கழட்டின?"

"ஏஜென்சில சொன்னாங்க சார். ஓசூர்ல குடோன்ல வேலை இருக்குதாம், வேணும்னா அங்க போவச் சொல்றாங்க. நைனாவ எப்படி சார் உட்டுட்டுப் போறது?"

"ஒரு பத்து நிமிஷம் நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்போது எனக்குத் திட்டம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் கம்பெனி ஆய்வகத்தில் ஒருவர் இருந்தார். பெட்டிகளுக்குள் ஓடும் சிக்னலை அளப்பதே அவர் வேலை. பேர் வேண்டாம், பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பிடித்ததாக நான் எதையுமே பார்த்ததில்லை. பழைய ஸ்டூலில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, பிழைக் கணக்கைத் திரையில் ஓடவிட்டு, அவருக்குப் போன் போட்டேன்.

"கேபிள் நல்லா இருக்குதா?" என்றார்.

"மீட்டர்ல பாத்தேன் சார். பீப் வருது."

"யோவ், பீப் அடிக்கறதுக்குன்னா கோழிக்கூண்டுக் கம்பி போதுமே. அத மாட்டி ஊருக்கு நெட்டு குடு பாப்போம்" என்றார்.

அவமானத்தில் பின்னால் சாய்ந்தேன். எனக்குப் பின்னால் இருந்தது அலமாரிக் கதவு. முதுகு வலிக்கு அது இதமாக இருந்தது, அதனால் இன்னும் நன்றாகச் சாய்ந்தேன். மடியில் எண்கள் மளமளவென்று ஏற ஆரம்பித்தன.

"ஐயோ! சார், வந்துட்டுது சார்! எரர் வந்துட்டுது! நான் ஒண்ணுமே பண்ணல சார்!"

"கத்தாதய்யா. இப்ப இன்னா பண்ணிட்டு இருக்க?"

"ஒண்ணும் பண்ணல சார், சும்மா சாஞ்சிட்டு இருக்கேன்."

"எது மேல?"

"கதவு மேல."

"எழுந்திரு."

எழுந்தேன். எண் நின்றது.

"சாயி."

சாய்ந்தேன். எண் ஓடியது. எழுந்தேன், நின்றது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு நொடி உண்மையாகவே நினைத்தேன். போனில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

"ஸ்டெல்லா!" என்று கத்தினேன். ஓடி வந்தாள். "இந்தக் கதவ மூடு. நீ எப்பவும் எப்படி மூடுவியோ அப்படி."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் சார். நான் தொட மாட்டேன்."

"நீ தொட்டாத்தாம்மா தெரியும்."

"தொட்டதுக்குத்தான் சார் இவ்ளோ பேச்சு. நீங்களே மூடுங்க."

"எனக்கு அந்தத் தாழ்ப்பா படியாதும்மா. யாருக்கும் படியாது. நாங்க யாரும் மூடறதே இல்ல. போட்டோக்கு அமுக்கிப் புடிச்சிட்டு உட்டுடுவோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஊரே திட்டியபோது கூட நான் அப்படிக் கூனிக் குறுகவில்லை. "உட்டுடுவீங்களா? பல்லி பூந்துடாதா சார்?" என்றாள். பிறகு தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினாள். படக்கென்று படிந்தது. திரையில் எண்கள் கொட்டின. அடுப்பில் கை வைத்தவள் மாதிரி பின்வாங்கினாள்.

"நான் இல்ல சார்!"

"நீ இல்லம்மா. கதவு."

டார்ச்சை அடித்துக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். புதுப் பெட்டி பழையதைவிட உள்ளங்கை அகலம் முன்னால் நீண்டிருந்தது. அதன் முகத்தில் இருந்து வெளியே வரும் கேபிளைக் கதவு நேராக அமுக்கி, அடியோடு மடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் கேபிள் நிமிர்ந்துவிடும், தடயமே இருக்காது. அதனால்தான் நான் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துப் 'பயந்தது'.

மடிந்தால் என்ன, கம்பி அறுந்துவிடவில்லையே என்று கேட்டேன். போனில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பம்ப்செட் போட்டதும் வாய்க்காலில் முதலில் ஓடி வருகிற அலையைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் ஒரே அகலமாக இருக்கும் வரை அலை உருக்குலையாமல் போகும். ஓரிடத்தில் கரை சரிந்து குறுகியிருந்தால், அலையில் ஒரு பங்கு அங்கே முட்டித் திரும்பி வரும். தண்ணீர் அந்தக் கோடிக்குப் போகத்தான் செய்யும். அலையின் உருவம்தான் போகாது. இந்த வேகத்தில் தகவல் என்பது தண்ணீர் இல்லை, அலையின் உருவம். அது செம்புக்குள்ளே ஓடுவதுகூட இல்லை. கம்பிக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஓடுகிறது. அந்த இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மடித்தால் இடைவெளி மாறும், மாறினால் அலை திரும்பும், திரும்பியது பின்னால் வருவதோடு மோதும். ஒவ்வொரு துடிப்பும் கேபிளுக்குள் சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லை. முதல் துடிப்பு மறுமுனையைத் தொடுவதற்குள் அதன் பின்னால் நூற்றுக்கணக்கில் கிளம்பியிருக்கும். கொஞ்சம் மோதினால் பெட்டியே திருத்திக்கொள்ளும். அதிகமானால் தூக்கி எறியும். பழைய பெட்டி மெதுவானது. அதில் துடிப்புகள் நீளமானவை, சின்னக் குறுகல் அவற்றுக்கு உறைக்காது. என் மீட்டரோ தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, வருகிறது என்றதும் சந்தோஷமாகக் கத்திவிட்டுப் போய்விடும்.

கேபிளை மாற்றி, பக்கவாட்டில் வளைத்து விட்டு, கதவையே கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன். கதவு இருந்த இடத்தில் ஸ்டெல்லா ஒரு கொசுவலை கட்டினாள், பல்லிக்காக.

மறுநாள் மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னேன். அவருக்கும் நிம்மதிதான். நான் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. கடைசி லைன்ல அந்தப் பொண்ணு பேரு எதுக்கு? டெக்னிக்கல் ரிப்போர்ட்ல ஆளு பேரு போட மாட்டோமே."

"முதல் மெயில்ல போட்டீங்களே சார்."

"சரி, இருக்கட்டும்" என்றார். எந்தெந்த முகவரிக்கு முதல் மெயில் போனதோ, அதே முகவரிகளுக்கு இதையும் அனுப்பினார். ஏஜென்சி ஓசூரைப் பற்றி மறுபடி பேசவில்லை. அடையாள அட்டை அவள் கழுத்துக்குத் திரும்பியது.

ஆனால் அதன் பிறகு, நான் வேலையை விடும் வரை, எந்த அறையில் எந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னும் அவள் எனக்கு வீடியோ கால் போடுவாள். "சார், பாத்துக்குங்க, இப்ப தொடறேன்" என்பாள். வேலை முடிந்ததும், "பாத்தீங்களா சார், எல்லாம் ஓடுது" என்பாள். வேண்டாம்மா, யாரும் உன்னைச் சந்தேகப்படவில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். தலையாட்டுவாள். அடுத்த அறையில் மறுபடி கால் வரும். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்துப் பார்ப்பேன்.

அந்த அறிக்கை சின்னதுதான். புதிய ஸ்விட்ச் முன்புறம் அதிகம் நீண்டிருந்ததால், கதவு முழுமையாக மூடப்படும்போது இணைப்புக் கேபிள் மடிந்து சிக்னல் சிதைந்தது. கதவு விதிப்படி மூடப்பட்டது. டெக்னீஷியன் ஸ்டெல்லா கேபிளைத் தொடவில்லை.